தண்டுவடத்துல அடிபட்டவங்க மனசு சோர்ந்தா: காதுல கரண்ட் வைக்கிறது எப்படி

காதுல கிளிப் மாட்டி லேசா கரண்ட் வச்சா டிப்ரஷன் கொறையும்னு வாட்ஸ்அப்ல சுத்துது, காரைக்குடி தேவகோட்டை பக்கம் நெறைய பேர் தண்டுவட அடிபட்டவங்களுக்கும் வைக்கலாமானு கேக்குறாங்க. வைக்கலாம், ஆனா டாக்டரக் கேக்காம வேணாம்.

இந்தக் கிளிப் தூண்டுறது வேகஸ்ங்கிற நரம்ப, அது மூளையில இருந்து கழுத்து வழியா தனியா எறங்குது, தண்டுவடத்துக்குள்ள போறதில்ல. அதோட ஒரு கிளை காதுக்கு வருது, அதனால கழுத்துக்குக் கீழ உணர்ச்சியே இல்லாதவங்களுக்கும் காதுல வைக்கிறது மூளைக்குப் போய்ச் சேரும். நெஞ்சுத் தோலுக்கு அடியில ஆபரேஷன் பண்ணி வைக்கிற வேகஸ் கருவிக்கு, மாத்திரைக்கு மசியாத டிப்ரஷனுக்குன்னு அமெரிக்காவுல 2005லயே அனுமதி கொடுத்தாச்சு. காது கிளிப்புக்கு ஆதாரம் அந்த அளவுக்கு இல்ல, அதுலயும் தண்டுவட அடிபட்டவங்கள வச்சு நடந்த ஆராய்ச்சி ரொம்பக் கம்மி. அதனால மாத்திரைய நிறுத்திட்டு இத நம்பாதீங்க.

மொதல்ல சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி எடத்துல மனநல டாக்டரப் பாருங்க. அசதி, தூக்கமின்மை எல்லாம் அடிபட்டதுனாலயும் வரும், புடிச்ச விஷயத்துல கூட நாட்டம் போச்சான்னு பாக்கணும். உசுரோட இருந்து என்னனு பேசுனா தள்ளிப் போடாதீங்க, அரசாங்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க.

பேஸ்மேக்கர், காது கேக்குறதுக்காக உள்ள வைக்கிற காக்ளியர் கருவி, காதுல புண் இருந்தா கிளிப்பத் தொடாதீங்க. கழுத்துல அடிபட்டவங்களுக்கு நாடித்துடிப்பு ஏற்கனவே கொறைவா இருக்கலாம், வேகஸ் அத இன்னும் கொறைக்கலாம், அதனால மொத தடவை ஆஸ்பத்திரியிலதான். முதுகெலும்புல மார்புப் பகுதியோட 6வது எலும்பு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ அடின்னா இன்னொரு ஆபத்து இருக்கு, அடிபட்ட எடத்துக்குக் கீழ எங்கயாவது உறுத்துனாலே பிபி திடீர்னு ஏறும், தல விண்ணுனு வலிக்கும், மூஞ்சி செவந்து வேர்க்கும். இவங்களோட சாதாரண பிபியே 90/60 மாதிரி கம்மியா இருக்கும், அதுக்கு மேல 20, 40 ஏறுனாலே ஆபத்துதான், 120னு பாத்துட்டு நார்மல்னு விட்டுராதீங்க. உடனே கிளிப்பக் கழட்டி நிமுத்தி ஒக்கார வச்சு, இறுக்குன துணியத் தளத்தி, மூத்திரக் குழாய் மடங்கிருக்கா பாருங்க, அடங்கலன்னா ஆஸ்பத்திரிதான். இதுக்காகவே கிளிப் போடுறதுக்கு முன்னாடி மூத்திரப் பையக் காலி பண்ணிருங்க.

பொதுவா எடது காதுதான். தோடு, கடுக்கன கழட்டி, எண்ணெய் தேய்ச்ச நாள்னா பிசுக்குப் போக நல்லா தொடச்சு, ஜெல் தடவி, காது ஓட்டைக்கு மேல இருக்க குழியில பொருத்துங்க. வேகம் பெரும்பாலும் 25 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 25 துடிப்பு. அளவ மெதுவா ஏத்தி, சுருக்குனு தெரியுற எடத்துல ஏத்துறத நிறுத்துங்க, வலிச்சா அதிகம். பிசியோகாரங்க வலிக்கு வைக்கிற டென்ஸ் கரண்ட் மிஷின் பேடக் கழுத்து முன்பக்கம் ஒட்டவே கூடாது, அங்க பெரிய ரத்தக்குழாய் ஓடுது.

எவ்ளோ நேரம், ஒரு நாளைக்கு எத்தன தடவன்றத டாக்டர் சொல்வாரு, பெரும்பாலும் அரமணி நேரம் போல இருக்கும். கட்டில்ல போட்டே வைக்காம முகப்புல ஒக்கார வச்சு வைங்க, நம்ம ஊரு வீட்டுல படி ஒசரம், சக்கர நாற்காலி எறங்க 2 அடி ஒசரத்துக்கு 24 அடி நீளத்துக்கு சரிவு வேணும், ஆசாரிய வச்சு அப்படி ஒரு சரிவுப் பலகை அடிச்சா அந்த மனுசன் தெருவுக்காவது போவாரு, கிளிப்ப விட அது பெருசுனுதான் நான் சொல்லுவேன். பிபி, நாடி, அன்னைக்கு மனசு எப்படி இருந்துச்சுனு நோட்டுல எழுதி வைங்க, பலன் தெரிய வாரக்கணக்குல ஆகும், ஒரு மாசம் தாண்டியும் ஒண்ணும் மாறலன்னா அந்த நோட்டோட டாக்டர்கிட்ட போயிருங்க.