பழைய ஹாலிவுட் இசை நகைச்சுவைப் படங்களை எப்படிப் பார்ப்பது?

1930களிலும் 1940களிலும் 1950களின் முற்பாதியிலும் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் எடுத்த இசை நகைச்சுவைப் படங்களைக் கதைக்காகப் பார்க்க உட்கார்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஓர் ஆள்மாறாட்டம், அதனால் ஒரு பிணக்கு, கடைசியில் சமாதானம் என்பதைத் தாண்டிப் பல படங்களில் கதையே கிடையாது. அவற்றின் வசீகரம், பேச்சு பாட்டாகவும் நடை நடனமாகவும் மாறும் சில நொடிகளில் இருக்கிறது. அந்த நொடிகளைத் தவறவிடாமல் பார்க்கப் பழகுவதுதான் இப்படங்களுக்குள் நுழையும் வழி.

முதல் படமாக 1935இல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ வெளியிட்ட ‘டாப் ஹேட்’ படத்தையே நான் பரிந்துரைப்பேன். ஃபிரெட் அஸ்டேர் ஓட்டல் அறையில் உற்சாகமாகக் காலால் தாளம் தட்டி ஆட, கீழ் அறையில் உறங்கிக்கொண்டிருந்த ஜிஞ்சர் ரோஜர்ஸ் விழித்துக்கொண்டு முறையிட வருகிறார். அவர் திரும்பிப் போனதும் அஸ்டேர் தரையில் மணலைத் தூவி, காலை மெல்லத் தேய்த்து ஆடியே அவரை மறுபடி தூங்கவைக்கிறார். பிறகு மழைக்கு ஒதுங்கிய பூங்கா மண்டபத்தில் இருவரும் முதன்முறையாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். இந்தக் காட்சியில் ரோஜர்ஸைக் கவனியுங்கள். அஸ்டேர் பாடும்போது பிடிகொடுக்காமல் உட்கார்ந்திருப்பவர், பிறகு எழுந்து அவருடைய நடையை அப்படியே செய்துகாட்டிச் சீண்டுகிறார். அந்தச் சீண்டல் போட்டியாகி, போட்டி இணைநடனமாகி, முடிவில் இருவரும் கை குலுக்கிக்கொள்கிறார்கள். காதல் அரும்பியதை வசனம் சொல்வதில்லை, கால்கள் சொல்கின்றன.

அடுத்து, ஒரு ஷாட்டிலிருந்து இன்னொரு ஷாட்டுக்குத் தாவும் வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஆடுபவரின் உடல் தலை முதல் கால்வரை திரையில் தெரிய வேண்டும், நடனத்தை முடிந்தவரை வெட்டாமல் காட்ட வேண்டும் என்பதில் அஸ்டேர் பிடிவாதமாக இருந்தார். அப்படி எடுத்தால் ஓர் அடி பிசகினாலும் மறைக்க இடமில்லை, மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். 1936இல் வந்த ‘ஸ்விங் டைம்’ படத்தின் இறுதி நடனத்துக்கு 40க்கும் மேற்பட்ட முறை ஆட வேண்டியிருந்தது. அந்த உழைப்பின் சுவடு எதுவும் முகத்தில் தெரியாததையே நான் இவ்வகைப் படங்களின் மிகப் பெரிய கலைத்திறன் என்று கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான அழகும் உண்டு. வார்னர் பிரதர்ஸ் படங்களில் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி கேமராவை உச்சிக்கு ஏற்றி, பல பெண்களைப் பூவிதழ்களைப் போல விரியவைத்தார்; அங்கே தனி மனிதரின் கால்களைத் தேடாமல் கோலத்தைப் பாருங்கள்.

ஒலியின் கதையை அறிய 1952இல் எம்.ஜி.எம். வெளியிட்ட ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தைப் பாருங்கள். பேசும் படம் வந்த 1927ஆம் ஆண்டுதான் இதன் களம். கதையில் வரும் பட நாயகிக்குக் குரல் சரியில்லாததால் இன்னொரு பெண் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்கிறாள். பின்னணிப் பாடலோடு வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கலை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இன்னொரு பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் குரல் கொடுப்பதாகக் காட்டப்படும் வசனத்தில் உண்மையில் கேட்பது, குரல் சரியில்லாத நாயகியாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரலே. அதே படத்தில் ஜீன் கெல்லி மழையில் ஆடும் காட்சியின் தொடக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்: காத்திருக்கும் காரை அனுப்பிவிட்டு, முணுமுணுத்தபடி சும்மா நடந்து, குடையை மடக்கி, அதன் பிறகே பாடத் தொடங்குகிறார். முகமெல்லாம் சிரிப்பாக ஆடிய அன்று அவருக்குக் கடும் காய்ச்சல்.

பார்க்கும் முறையில் ஓரிரு எச்சரிக்கைகள். 1953க்கு முற்பட்ட படங்களின் திரைச்சட்டம் (ஃபிரேம்) ஏறக்குறைய சதுரமானது. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பதிப்பில் நடனத்தின் பாதங்களே போய்விடும். பாடலை மட்டும் தனியாகப் பார்ப்பதும் வீண், ஏனெனில் முன்னால் வரும் அசட்டு உரையாடல் இல்லாமல், பேச்சு பாட்டாக மாறும் அந்த மாற்றத்தை உணர முடியாது.

நெஞ்சை உறுத்தும் பகுதிகளையும் எதிர்பார்த்தே உட்காருங்கள். நான் புகழ்ந்த ‘ஸ்விங் டைம்’ படத்திலேயே அஸ்டேர் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக ஆடும் காட்சி ஒன்று உண்டு; அதன் நடனத் திறமை அந்த இழிவை ஈடுகட்டாது. பெரும்பாலான ஸ்டூடியோ படங்களில் கறுப்பினக் கலைஞர்களுக்குக் கதையில் இடமே தரப்படவில்லை. ஒரு பாட்டுக்கு வந்துபோனார்கள். அதனால் கறுப்பினக் கலைஞர்களே முழுக்க நடித்த, 1943இல் ஃபாக்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார்மி வெதர்’ படத்தைப் பட்டியலில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் இறுதியில் நிக்கோலஸ் சகோதரர்கள் அகன்ற படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தாண்டிக் குதித்து, கால்களை இரு பக்கமும் விரித்தபடி படியில் இறங்கி, கையூன்றாமல் எழுந்து மறுபடி தாண்டுகிறார்கள். அதை இரண்டு முறை பாருங்கள்; இரண்டாம் முறை அவர்களுடைய முகங்களை மட்டும்.