மரை பாக்க மொத தடவ போறீங்களா? கைட் புடிக்கிறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வர்ற நம்ம சொந்தக்காரங்க சில பேரு மரைய, அதாவது கடமான, வேட்டையாட போலாமான்னு உண்மையிலயே கேக்குறாங்க, அதனால இத மொதல்லயே சொல்லிடுறேன், இங்க இலங்கையில மரை வேட்டைக்குன்னு ஆள் புடிக்க முடியாது. கனடா, அமெரிக்கா பக்கம் எல்க்குன்ற பெரிய மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்து, வேட்டைக்கு கூட்டிட்டு போற அவுட்ஃபிட்டர் ஒருத்தர புக் பண்ணி, காசு கட்டி காட்டுக்குள்ள போறாங்க, அது அந்த ஊரு சட்டம். நம்ம நாட்டுல 1937லயே வந்த விலங்கு, தாவர பாதுகாப்பு கட்டளைச் சட்டம் ஒண்ணு இருக்கு, மரைய சுடுறது, கண்ணி வைக்கிறது, இறைச்சிய கையில வச்சிருக்கிறது எல்லாமே குத்தம். வெள்ளக்காரன் காலத்துல நடந்தது வேற கத. 1848ல நுவரெலியாவுல வந்து குடியேறின சாமுவேல் பேக்கர் வேட்ட நாயும் கத்தியுமா அங்க இருக்கிற ஹோட்டன் சமவெளி பூரா மரைய வெரட்டுன ஆளு, பேக்கர்ஸ் ஃபோல்ஸ்னு ஒரு அருவிய நம்ம போய் போட்டோ புடிக்கிறமே அது அவரு பேருதான், சமவெளிக்குள்ள இருக்கிற ஃபார் இன் கட்டடம் கூட ஒரு காலத்துல வேட்ட பங்களா. அங்க இருந்த யானைங்கள எல்லாம் சுட்டே முடிச்சிட்டாங்க, மரை மட்டும் எப்படியோ தப்பிச்சு நிக்குது.

இப்ப நம்ம போறது கேமராவோட, இல்லாட்டி வெறும் கண்ணோட. ஆனா அங்க எல்க் வேட்டைக்கு போறவன் அவுட்ஃபிட்டர்கிட்ட கேக்குற கேள்விங்க இருக்கே, ஒரு கைடுக்கு எத்தன பேரு, காசுல எதெது சேரும், எதெது சேராது, மிருகம் கெடைக்கலன்னா என்ன, போன வாரம் போனவங்க யாரு, இதெல்லாம் ஹோட்டன் சமவெளிக்கு கைட் புடிக்கிறப்பவும் அப்படியே கேக்க வேண்டிய கேள்விங்கதான், ஆனா நம்ம ஆளுங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு, "அண்ணே எவ்ளோ வரும்?"

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மரை பாக்குறது மட்டுந்தான் ஆசைன்னா கைடே தேவையில்ல. ஃபார் இன் பக்கம் வண்டி நிப்பாட்டுற எடத்துல மனுசனுக்கு பழகிப்போன மரைங்க சுத்திக்கிட்டு இருக்கும், சில நேரம் வண்டி கண்ணாடிக்குள்ள மூஞ்சிய விடும், பிஸ்கட் குடுத்து குடுத்து ஆளுங்க கெடுத்து வச்சிருக்காங்க. அதுக்கு டிக்கெட் காசும் வேன் காசும் போதும். நீங்க கைடுக்கு தனியா காசு குடுக்குறது காட்டு மரைக்கு, அதாவது விடியற நேரத்துல காட்டு ஓரத்துல இருந்து புல்வெளிக்கு எறங்கி நிக்கிற கூட்டத்துக்கு, ஆள் இருக்குன்னு தெரிஞ்சா நின்னு பாத்துட்டு உள்ள போயிடுமே அந்த மரைக்கு. கார் பார்க் மரைய காட்டிட்டு "பாத்தாச்சுல்ல, வாங்க போலாம்"னு சொல்ற ஆளுங்க நெறைய, அவங்கள புக் பண்றதுக்கு முன்னாடியே கண்டுபுடிக்கிறதுக்குத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

போன்லயே பாதி தெரிஞ்சிடும். மொத கேள்வி, "எத்தன மணிக்கு கெளம்பணும்?" நுவரெலியாவுல இருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியா கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர், வளைவு ரோடு, மிஸ்ட் இருந்தா இன்னும் மெதுவா போகணும், கேட் காலைல ஆறு மணிக்கு தொறக்கும். அப்ப நாலரைக்கு இல்லாட்டி அஞ்சுக்கு முன்னாடி கெளம்பணும்னு சொல்ற ஆளு வேலை தெரிஞ்சவரு. "ஏழு மணிக்கு வர்றேன் சேர், சாப்பிட்டு ஆறுதலா போலாம்"னு சொன்னா அவரு ட்ரைவர், கைட் இல்ல, அதுல தப்பும் இல்ல, ஆனா கைட் காசு கேக்கக்கூடாது. ஏழு மணிக்கு கெளம்பினா மரையும் உள்ள போயிருக்கும், வேர்ல்ட்ஸ் எண்ட்ங்குற செங்குத்து பாறை விளிம்பும் ஒம்பது பத்து மணிக்கெல்லாம் மிஸ்ட்ல மூடியிருக்கும், வெள்ளையா ஒரு செவுத்த பாத்துட்டு வருவீங்க.

ரெண்டாவது, "மரை கட்டாயம் காட்டுவீங்களா?"னு கேளுங்க. வேணும்னே கேளுங்க. மரைக்கு "அநேகமா பாக்கலாம்"னு சொன்னா சரி, ஏன்னா சமவெளில மரை நெறைய இருக்கு. ஆனா அதே மூச்சுல "சிறுத்தையும் காட்டுறேன், நூறு வீதம்"னு சொல்றாரா, போன வச்சிடுங்க. சிறுத்தை அங்க இருக்கு, மரையத்தான் புடிச்சு திங்குது, ஆனா அத யாராலயும் சொல்லி வச்சு காட்ட முடியாது.

மூணாவது ஜீப் கத. சமவெளி யால பூங்கா மாதிரி இல்ல, வண்டிய உள்ள ஓட்டிக்கிட்டு மிருகம் தேடுற எடம் கெடையாது, தார் ரோட்ல ஃபார் இன் வரைக்கும் போகலாம், அதுக்கு மேல நடதான், சுத்தி வர்றதுக்கு ஒம்பது கிலோமீட்டருக்கு கிட்ட வரும். சாதாரண வேன் தாராளமா ஏறும். அதனால "சஃபாரி ஜீப் இல்லாம உள்ள விடமாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா அது ஜீப் வாடகைக்கு சொல்ற பொய். ஜீப்ல போக ஆசைன்னா போங்க, மேல தொறந்திருந்தா பாக்க வசதிதான், காலைல அஞ்சு மணி குளிர்ல அந்த காத்து வாங்குறதுக்கு தெம்பு இருக்கான்னு மட்டும் யோசிங்க.

லைசென்ஸ் விஷயம் கொஞ்சம் சிக்கல். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கைடுங்களுக்கு கார்ட் குடுக்குது, நாடு பூரா போற நேஷனல் கைட், வண்டியும் ஓட்டி கைடும் பண்ற ஷோஃபர் கைட், ஏரியா கைட், சைட் கைட்னு வகை இருக்கு. கார்ட வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, பேரு, வகை, எந்த தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க. உண்மையான ஆளு ரெண்டு நிமிசத்துல அனுப்பிடுவாரு, கோவப்படுற ஆள விட்டுடுங்க. ஆனா கார்ட் இருக்கிறவன் எல்லாம் காடு தெரிஞ்சவன்னு அர்த்தம் இல்ல. பட்டிப்பொல, ஒஹிய பக்கத்து தோட்டத்து பசங்க சில பேருக்கு கார்ட் இருக்காது, ஆனா எந்த ஓடை ஓரத்துல மரை சேத்துல பொரளும், எந்த மரத்துல கொம்ப ஒரசியிருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவாங்க. என்னைய கேட்டா கார்ட் இருக்கிற ஒரு ஆள வச்சு புக் பண்ணிட்டு, "உங்க கூட லோக்கல் பையன் யாராவது வருவாங்களா?"னு கேக்குறது நல்லது, நல்ல கைடுங்க பாதி பேரு அப்படித்தான் வேலை செய்றாங்க, அந்த பையனுக்கும் நாலு காசு கெடைக்கும்.

அடுத்தது போட்டோ. எல்லாரும் ஃபேஸ்புக்ல போட்டிருப்பாங்க. எத்தன லைக்குன்னு பாக்காம பின்னாடி என்ன தெரியுதுன்னு பாருங்க. எல்லா படத்துலயும் ஒரே கெடா, ஒரே கொம்பு, பின்னால பார்க் பண்ணின வேன் டயர் தெரியுதுன்னா அது கார் பார்க் மரைதான். பிஸ்கட் நீட்டுற படம், மரை கழுத்துல கைய போட்டு எடுத்த செல்ஃபி, இதெல்லாம் பெருமையா போட்டிருக்கிற ஆள்கிட்ட போகவே போகாதீங்க, பூங்காவுக்குள்ள மிருகத்துக்கு தீனி போடக்கூடாதுன்னு தெரிஞ்சும் செய்றவன் வேற எதையும் செய்வான். தூரத்துல புல்லுக்குள்ள பத்து பதினஞ்சு மரை, காலை வெளிச்சம், பொட்டைங்களோட குட்டி நிக்குது, கொஞ்சம் மங்கலா இருந்தாலும் அதுதான் நல்ல படம், எடுத்தவரு அந்த நேரத்துக்கு அங்க நின்னிருக்காரு.

அப்படி ஒரு கைட் எப்படி வேலை செய்வாருன்னு சொல்றேன், வித்தியாசம் புரியும். பட்டிப்பொல கேட்ட தாண்டினதும் ரேடியோவ நிப்பாட்டிடுவாரு. மெதுவா ஓட்ட சொல்லுவாரு, ஒரு வளைவுல எஞ்சின ஆஃப் பண்ணிட்டு கண்ணாடிய எறக்கிட்டு சும்மா இருப்பாரு. உங்களுக்கு புல்லும் மிஸ்டும்தான் தெரியும். அப்பறம் பாத்தா மரக்கட்டைன்னு நெனச்சது ஒண்ணு காத ஆட்டும், அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, மூக்குல இருந்து ஆவி வரும், தை மாசம்னா புல்லு மேல பனி உறைஞ்சு வெள்ளையா இருக்கும், அதுல கொளம்பு பட்ட எடம் மட்டும் கறுப்பா கோடு போட்ட மாதிரி காட்டு வரைக்கும் போகும். கெடா ஒண்ணு முன்னங்கால தரையில தட்டும். அப்பறம் "பாங்க்"னு ஒரு சத்தம், கிட்ட நின்னு கேட்டா வயித்துல அடிக்கும். புது ஆளுங்க மரைய பாத்துக்கிட்டே இருப்பாங்க, கைட் மரை பாக்குற பக்கத்த பாப்பாரு, ஏன்னா மரை திரும்பத் திரும்ப கத்துதுன்னா அந்தப் பக்கம் சிறுத்தை இருக்க வாய்ப்பிருக்கு. காசு குடுக்குறது இதுக்குத்தான்.

ஆள் கணக்கையும் கேட்டுடுங்க. ஒரு கைடுக்கு நாலஞ்சு பேரு சரி. பதினாலு பேரு வேன்ல, சின்னப்புள்ளைங்க, பாட்டி, சித்தி குடும்பம்னு போறதுன்னா அது ட்ரிப், ஜாலியா போயிட்டு வாங்க, ஆனா காட்டு மரைய எதிர்பாக்காதீங்க, கைடயும் திட்டாதீங்க.

காசு. டிக்கெட், வண்டிக்கு உள்ள கட்டணம், வரி, கைட் கூலி, சாப்பாடு, இதுல எது உள்ள, எது வெளியன்னு ஒரு மெசேஜ்ல எழுதி வாங்குங்க, போன்ல பேசினது பேச்சோட போயிடும். எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு பூங்கா கேட் கிட்ட போயி நின்னப்பறம்தான் "டிக்கெட் நீங்க தனியா எடுக்கணும்"னு ஏஜென்ட் சொல்லியிருக்கான், அதுல மூணு பேரு வெளிநாட்டு பாஸ்போர்ட். வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் நம்மள விட பல மடங்கு கூட, மூஞ்சி தமிழ் மூஞ்சியா இருந்தாலும் ஐடி கேப்பாங்க. ரெட்டை பிரஜாவுரிமை இருக்கிற சொந்தக்காரங்க இலங்கை அடையாள அட்டைய கட்டாயம் கொண்டு வரணும், பழைய அட்டைன்னு பெட்டில போட்டு வச்சிட்டு வந்துடுவாங்க. முன்பணம் கொஞ்சமா குடுங்க, முழு காசும் முன்னாடியே கேக்குற ஆளு வேண்டாம். மழை, மண்சரிவுன்னு கேட் மூடினா முன்பணம் திரும்ப வருமா, வேற நாளுக்கு மாத்தலாமான்னும் அதே மெசேஜ்ல கேளுங்க.

இனி, என்ன சொன்னா ஒடனே வேண்டாம்னு சொல்லணும். "ராவுல டோர்ச் அடிச்சு காட்டுறேன்", "பாதைய விட்டு உள்ள கூட்டிட்டு போறேன், யாருக்கும் தெரியாது", "ட்ரோன் பறக்க விடலாம், நான் பாத்துக்கிறேன்", "விழுந்த கொம்பு இருக்கு, வேணுமா?" இதுல எத சொன்னாலும் மாட்டுறது அவரு மட்டும் இல்ல, நீங்களும்தான். இன்னொண்ணு, ராத்திரி தங்குற எடத்துல கொரல கொறச்சு "மரை இறைச்சி இருக்கு, சமைக்கவா?"னு கேப்பாங்க. அந்த இறைச்சி எங்க இருந்து வருதுன்னு நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு தெரியும், தேயில ஓரத்துல வைக்கிற கம்பி கண்ணிலதான் பாதி. அதே மாதிரி கண்ணிலதான் 2020ல நல்லதண்ணி பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டி செத்துச்சு. இறைச்சி தர்றேன்னு சொல்ற கைட்கிட்ட அடுத்த நாள் காலைல மரை பாக்க போறது என்ன நியாயம்னு எனக்கு வெளங்கல.

நல்ல கைட் நீங்க கேக்காமலே சில விஷயம் சொல்லுவாரு. கேட்ல பைய செக் பண்ணுவாங்க, பொலித்தீன் உள்ள விடமாட்டாங்க, தண்ணி போத்தல் லேபல கூட கிழிச்சிடுவாங்க, அதனால ரொட்டியும் சம்பலும் சாப்பாட்டு பெட்டில கொண்டு வாங்கன்னு சொல்லுவாரு. ஜெக்கட், தொப்பி, சறுக்காத சப்பாத்து. இதெல்லாம் மொத நாளே மெசேஜ்ல வந்தா மனசு ஆறுதலா புக் பண்ணலாம்.

எப்ப போறதுன்னா ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் வானம் கொஞ்சம் தெளிவு, குளிரும் ஜாஸ்தி. மே மாசத்துக்கு அப்பறம் தென்மேற்கு மழையும் காத்தும், போகலாம், ஆனா கைடோட கேன்சல் விதிய நல்லா படிச்சிட்டு போங்க. ஏப்ரல்ல நுவரெலியா சீசன், கொழும்பே மேல வந்து நிக்கும், அந்த பத்து பதினஞ்சு நாள்ல மரை பாக்க போகவே வேண்டாம், கைடுங்களும் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ட்ரிப் அடிச்சு களைச்சு போயிருப்பாங்க. சனி ஞாயிறு, போயா லீவு, பள்ளிக்கூட லீவு இதெல்லாம் தவிர்த்துட்டு செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளா கேளுங்க, கூலியும் கொஞ்சம் கொறைப்பாங்க. இன்னும் ஆசைன்னா வன ஜீவராசிகள் திணைக்களத்தோட பங்களா உள்ளயே இருக்கு, மகாஎலிய, கினிஹிரியன்னு, கேம்ப் பண்ற எடமும் இருக்கு, முன்கூட்டியே திணைக்களத்துல புக் பண்ணணும். உள்ள தங்கினா பின்னேரமும் மரை பாக்கலாம், விடியலும் பாக்கலாம், கேட்ல லைன்ல நிக்க வேண்டியதில்ல. அதுக்கும் கைட் வேணும்னா ராத்திரி தங்குறதுக்கு அவருக்கு எடம், சாப்பாடு யாரு குடுக்குறதுன்னு புக் பண்றப்பவே பேசி வச்சிடுங்க.