பௌனாமு பதக்கம்: வாங்குவதிலும் அணிவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்து போய்வந்தவர் கழுத்தில் பச்சைக்கல் பதக்கம் தொங்கினால், "மரகதமா?" என்றுதான் முதலில் கேட்போம். அது ஜேட். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைப் பௌனாமு என்பார்கள். அவர்களுக்கு அது வெறும் நகை இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் குலச்சொத்து.

பலரும் வாங்கும்போதே கோட்டை விடுகிறார்கள். சுற்றுலாக் கடைகளில் வடிவம் மாவோரியாக இருக்கும், கல் சீனாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்திருக்கும். தெற்குத் தீவில் இயற்கையாகக் கிடைக்கும் பௌனாமு, 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஙாய் தாஹு என்னும் மாவோரி குலத்தின் உடைமை. கல் எங்கே எடுத்தது, செதுக்கியது யார் என்று கேளுங்கள். மழுப்புகிற கடையில் நான் பர்ஸைத் திறக்க மாட்டேன்.

தனக்குத்தானே வாங்கினால் ஆகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். பரிசாகப் பெறுவதுதான் பழக்கம், உண்மை. ஆனால் அதை எல்லோரும் கறாரான விதியாகப் பார்ப்பதில்லை.

பௌனாமுவில் பெரும்பகுதி நெப்ரைட் என்னும் ஜேட் வகை. நுண்ணிய இழைகள் பின்னிக் கிடப்பதால் எளிதில் உடையாது. மரம் செதுக்கும் வாய்ச்சியே இதில் செய்தார்கள். அந்தத் தைரியத்தில் குளியலறையில் கழற்றிவைக்கப் போய், டைல்ஸ் தரையில் விழுந்து, மெல்லிய வளைவு பட்டென்று போய்விடும். தாங்கிவாய் என்னும் கண்ணாடி போன்ற வகை நெப்ரைட்டே இல்லை, அதைவிட மென்மையானது. சாவி, சங்கிலியோடு ஒரே டப்பாவில் போட்டால் கீறல்தான்.

இன்னொன்று, கல்லை மட்டும் பார்ப்பது. கயிற்றை யார் பார்க்கிறார்கள்? துளைக்குள் உரசும் இடத்தை நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். பிசிறு தட்டினால் அன்றைக்கே மாற்றுங்கள். நீச்சல் குளம், பிளீச்சிங் பவுடர், வாசனைத் திரவியம் எதுவும் பதக்கத்தின் பக்கம் வர வேண்டாம். அழுக்கு போக வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும்.

பத்திரம் என்று நினைத்து லாக்கரில் பூட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காலையில் போடும்போது சில்லென்றிருக்கும் கல், சற்று நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். தோலின் எண்ணெய் பட்டுப்பட்டு மெருகேறும். அணிந்தவரின் மனா, அதாவது மதிப்பும் ஆற்றலும், கல்லில் சேர்வதாக மாவோரி நம்பிக்கை. பெட்டிக்குள் கிடந்தால் எது சேரும்?

உடைந்தால் குப்பையில் போடாதீர்கள், செதுக்குபவரிடம் கொடுங்கள். இரும்புக் கருவிகள் புழக்கத்துக்கு வந்த பிறகு, பழைய பௌனாமு வாய்ச்சிகள் பலவற்றை ஹெய் டிகி என்னும் மனித உருவப் பதக்கங்களாக மாவோரி மக்களே மறுபடி செதுக்கிக்கொண்டார்கள்.