மணிச் சத்தமும் நாலு கிண்ணம் கஞ்சியும்: குமரியில் சிறுவர் நகைச்சுவைக் குறும்படம் எடுக்கும் முறை

குழந்தைகளை வைத்து நகைச்சுவைக் குறும்படம் எடுக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் வசனம் எழுதுகிறார்கள். பிறகு அந்த வசனத்தை ஒப்பிக்கக்கூடிய பிள்ளையைத் தேடுகிறார்கள். இரண்டுமே தவறான தொடக்கம் என்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தயாரிப்பு முறையே சான்று. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922இல் தொடங்கிய ‘அவர் கேங்’, அதாவது ‘நம்ம கூட்டம்’ என்ற தொடரில், 1944 வரை 220 குறும்படங்கள் வெளிவந்தன. அவற்றை எடுத்த முறையைத் தெரிந்துகொண்டால், இரண்டு கைபேசிகளும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரும் இருக்கும் எவரும் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ குளச்சலிலோ ஒரு நல்ல பன்னிரண்டு நிமிடப் படத்தை எடுத்துவிட முடியும்.

இந்தத் தொடர் பிறந்த விதத்தை ரோச்சே பலமுறை சொல்லியிருக்கிறார். முகம் நிறைய ஒப்பனையோடு வந்த ஒரு சிறுமி பயிற்றுவித்தபடி நடித்துக் காட்ட, சலித்துப்போன அவர் ஜன்னல் வழியே எதிரிலிருந்த மரக்கடையைப் பார்த்தார். அங்கே சில பிள்ளைகள் ஒரு மரத்துண்டு யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருக்க, நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம். ஆகவே நடிகர் தேர்வு என்று நாள் குறித்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள். நம் ஊர்ப் பிள்ளையிடம் காகிதத்தைக் கொடுத்துப் பேசச் சொன்னால் அடுத்த நொடியே பேச்சுப்போட்டிக் குரல் வந்துவிடும். நான் எடுத்த முதல் படத்தில் ஒரு சிறுவன் “மாங்காய் வேண்டும்” என்பதைக்கூட “அவையோர்க்கு வணக்கம்” சொல்லும் தொனியில்தான் சொன்னான். மாலை ஐந்து மணிக்கு விளையாட்டு நடக்கும் ஒரு விளையின், அதாவது தோப்பு நிலத்தின், ஓரத்தில் மூன்று நாள் உட்காருங்கள். அழுகுணி ஆட்டம் ஆடுகிறவன், நடுவராகத் தன்னையே நியமித்துக்கொள்கிறவள், எல்லோருக்கும் பின்னால் ஓடிவரும் குட்டித் தம்பி ஆகிய மூவரும் எந்த விளையிலும் இருப்பார்கள்.

கதைக்கு ஒரே ஒரு விதி போதும். இந்தத் தொடரில் ராபர்ட் மெக்கோவன் இயக்கி 1930இல் வந்த ‘பப்ஸ் இஸ் பப்ஸ்’ படத்தில், ஒரு சின்னப் பையனின் நாய்க்குட்டிகள் மணிச் சத்தம் கேட்டால் ஓடி வரும்படி பழக்கப்பட்டிருக்கும்; ஊரிலோ திரும்பிய பக்கமெல்லாம் மணி. 2004இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட இந்தப் படத்தின் குழப்பங்கள் பலவும் அந்த ஒற்றை விதியிலிருந்தே வருகின்றன. இதே இயந்திரத்தை நம் ஊருக்கு மாற்றி அமைக்கலாம். “மணிச் சத்தம் கேட்டதும் வந்து கஞ்சி குடிக்கணும்” என்று ஆச்சி ஒரு பையனிடம் சொல்லிவிடுகிறாள். ஊரில் பள்ளிக்கூட மணி அடிக்கிறது, கோயில் மணி அடிக்கிறது, தேவாலய மணி அடிக்கிறது, போதாததற்கு ஐஸ் வண்டி வேறு. ஒவ்வொரு முறையும் அவன் ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடுகிறான். நாலாவது கிண்ணம் பயறுங்கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அவன் முகம்தான் படம்.

இந்தக் கதையில் விலங்கு இல்லாதது வேண்டுமென்றே செய்தது. நாயையோ ஆட்டையோ நடிக்க வைப்பதென்றால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். ‘நம்ம கூட்டம்’ தொடரின் நாய் பீட்டுக்குக் கண்ணைச் சுற்றி இருந்த வட்டம், தூரத்திலிருந்தும் அடையாளம் தெரிவதற்காக ஒப்பனையால் முழுமையாக்கப்பட்டது. அந்த உத்தியை நாய் இல்லாமலும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அடையாளம், ஒருவனுக்கு அளவு மீறிய சட்டை, ஒருத்திக்குச் சிவப்புக் குடை என்று வைத்துவிட்டால், கடற்கரையில் எறும்பளவு தெரியும் காட்சியிலும் யார் யார் என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

பதினான்கு வயது நிறையாத பிள்ளைகள் நடிப்பதற்குச் சட்டம் வகுத்த வரம்புகளை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் நடிக்க வைக்கக் கூடாது. அதிகபட்சம் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஊதியத்தில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைக்கே விருப்பம் இருக்க வேண்டும். காலை 7 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 6 வரை என்று பிரித்துக்கொண்டால் மொத்தம் நாலரை மணி நேரம்தான் ஆகும். வெயிலும் அந்த நேரங்களில்தான் முகத்துக்கு இதமாக விழும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் குமரி. ஜூன் முதல் டிசம்பர் வரை வெளிப்புறக் காட்சிகளை நம்பித் தேதி குறிப்பது வம்பு. ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வார இறுதி நாள்களே வசதியானவை. இடத்தைப் பொறுத்தவரை, பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் பிள்ளைகளை ஓடவிடும் எண்ணம் வேண்டாம். 115 அடி உயரத்தில் பார்ப்பவருக்குப் பயம்தான் வரும், சிரிப்பு வராது. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், அங்கே எடுக்க வேண்டுமானால் அனுமதியை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு வீட்டு முற்றம், ஒரு விளை, ஒரு குளக்கரைச் சாலை, இந்த மூன்றுக்குள் அடங்கும் கதைதான் இரண்டு நாளில் முடியும்.

படப்பிடிப்பு முறைதான் இந்தத் தொடரிலிருந்து கற்க வேண்டிய முக்கியப் பாடம். மெக்கோவன் மௌனப் பட நாள்களில் பிள்ளைகளுக்குக் கதையை முழுதாகச் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. எடுக்கும் முன்பு அந்தக் காட்சியை மட்டும் விளக்கி, கேமரா ஓடும்போதே ஒலிபெருக்கிக் குழலில் பேசிப் பேசி முகபாவங்களை வரவழைத்தார். 1929இல் ‘ஸ்மால் டாக்’ படத்தோடு இந்தத் தொடர் பேசத் தொடங்கியதும் அந்தக் குரலுக்கு இடமில்லாமல் போனது. நமக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. வசனமில்லாத முகபாவங்களை எல்லாம் மௌனப் படம் போலவே எடுங்கள்: கேமராவுக்கு ஒட்டி உட்கார்ந்து, “மக்கா, கிண்ணத்துக்குள்ள என்ன கிடக்கு பாத்தியா? இன்னும் ஒரு கரண்டி வருது பாரு” என்று பேசிக்கொண்டே இருங்கள்; உங்கள் குரலை எடிட்டில் நீக்கிவிட்டு, தனியே பதிந்த மணியோசையையும் காக்கைச் சத்தத்தையும் அங்கே வைத்துவிடலாம். வசனம் வரும் ஷாட்டுகளில் மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த வசனத்தையும் எழுதிக் கொடுக்காமல், “அவன் உன் மாங்காயை எடுத்துட்டான், நீ என்ன சொல்லுவ?” என்று கேட்டு, வருகிற பதிலையே வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பிள்ளையும் விளவங்கோட்டுப் பிள்ளையும் நாஞ்சில் நாட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி பேசுவதில்லை. அதைச் சமன்படுத்த முயலாதீர்கள்.

முக்காலியைப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு, அதாவது ஏறக்குறைய மூன்றடிக்கு இறக்குங்கள். பெரியவர்களின் தலை படச்சட்டத்துக்கு வெளியே போனால் போகட்டும். ஒரு கைபேசி அகலமான காட்சியையும் மற்றொன்று முகத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கட்டும், ஏனென்றால் குழந்தை ஒரு முறை செய்ததை இன்னொரு முறை செய்யாது. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் நொடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் படம் மினுங்காது. ஆரல்வாய்மொழிப் பக்கமோ கடலோரமோ எடுக்கிறவர்கள் மைக்குக்குப் பஞ்சுறை போடாமல் போகவே கூடாது. அங்கே காற்று எல்லா வசனத்தையும் தின்றுவிடும்.

கஞ்சிக் காட்சிகளை உணவு வேளைக்குச் சற்று முன்னால் எடுங்கள். நாலு கிண்ணத்தையும் பிள்ளை உண்மையிலேயே குடிக்கத் தேவையில்லை. பலாவிலைக் கரண்டி வாய்க்குப் போகும் ஒரு ஷாட், பாதி காலியான கிண்ணம் ஒரு ஷாட், துடைத்த கிண்ணம் ஒரு ஷாட் என்று வெட்டி ஒட்டினால் போதும். ஆறேழு வயதுப் பிள்ளையின் முகக் காட்சிகளை முதல் நாளிலேயே முடித்துவிடுவதும் நல்லது. அடுத்த வாரம் வரும்போது முன்பல் விழுந்திருக்கும். பிறகு கன்டினியூட்டியை, அதாவது காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் இருப்பதை, எந்த உதவி இயக்குநராலும் காப்பாற்ற முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய படங்களைப் பின்பற்றக் கூடாது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சமமாகக் கூடி விளையாடுவதைக் காட்டியது அக்காலத்தில் அரிய செயல். ஆனாலும் கறுப்பினப் பிள்ளைகளைக் கேலிப் பொருளாக்கிய காட்சிகள் அவற்றில் உண்டு. நிறம், சாதி, திக்குவாய், உடல் பருமன் ஆகியவற்றில் பிறக்கும் சிரிப்பை நம் படத்திலிருந்து கதை எழுதும்போதே நீக்கிவிட வேண்டும். கஞ்சி குடிக்கும் பையன் குண்டாக இருந்தால் அந்த நகைச்சுவை கெட்டுவிடும். ஒல்லியான பையனையே போடுங்கள்.

எடிட் முடிந்ததும் இணையத்தில் ஏற்ற அவசரப்படாதீர்கள். லாரல்–ஹார்டி படங்களையும் தயாரித்த ரோச் நிறுவனத்தில், படத்தைப் பொதுமக்களுக்கு முன்னோட்டமாகத் திரையிட்டு, சிரிப்பு எழும் இடத்தையும் எழாத இடத்தையும் பார்த்து மறுபடி வெட்டும் வழக்கம் இருந்தது. ஊர்ப் படிப்பகத்தின் சுவரில் ஒரு வேட்டியைக் கட்டி, நடிக்காத பிள்ளைகள் இருபது பேரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பு எழும் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள். சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிப்போகும் இடங்களில் அந்த முகத்தை இன்னும் ஒன்றரை நொடி நீட்டுங்கள். மூன்றாவது கிண்ணத்துக்கு யாரும் சிரிக்கவில்லையென்றால், மூன்றாவதை நீக்கிவிட்டு இரண்டாவதிலிருந்து நேரே நாலாவதற்குப் போய்விடுங்கள். நடுவில் ஒரு மணிச் சத்தம் மட்டும் இருக்கட்டும்.