நாற்பதுக்கு மேல் உலை மூட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வளைகுடாவில் வெல்டிங் பார்த்துத் திரும்பியவர், கடையை மூடிவிட்டு வந்தவர் என்று நாற்பதுக்கு மேல் கொல்லர் வேலை பழகுகிறவர்களை இப்போது பார்க்கிறேன். நாங்கள் பழகும்போது செய்த அதே தவறுகள்தான். கண்ணாடி போடு, சாக்குத் துணியை உலைப்பக்கம் வைக்காதே என்பதெல்லாம் தெரிந்ததுதானே, அதை விட்டுவிடுகிறேன்.

துவைச்சலோடு நிறுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து வெட்டுகத்தி ஆக்கி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்குவார்கள். இதுதான் துவைச்சல். அப்புறம் அரத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல கெட்டி என்று சந்தோஷப்பட்டு அப்படியே பிடி போட்டு விற்றுவிடுகிறார்கள். அந்த நிலையில் இரும்பு கண்ணாடி மாதிரி, ஓங்கி அடித்தால் தெறிக்கும். குலசேகரம் பக்கம் ஒருவர் கொடுத்த கத்தியை வைத்து ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு, கத்தியின் வாயிலிருந்து, அதாவது வெட்டும் விளிம்பிலிருந்து, ஒரு சில்லு பறந்து புருவத்தைக் கிழித்தது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். தோட்டக்காரர் அப்புறம் அந்தப் பட்டறைப் பக்கம் போகவில்லை, அவர் சொல்லி அக்கம்பக்கத்தாரும் போகவில்லை.

இத்தனைக்கும் மிச்சம் இருந்தது சின்ன வேலை. முக்கி எடுத்து எண்ணெயைத் துடைத்து, செங்கல் துண்டால் ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டும். முதுகுப் பக்கத்தைக் கனலில் மெதுவாகக் காட்டினால் நிறம் வாயை நோக்கி நகர்ந்து வரும்: வைக்கோல் மஞ்சள், தவிட்டு நிறம், ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் சுமார் 220, 230 டிகிரி. நீலம் 300-ஐ ஒட்டி. ரப்பர் பால் வெட்டும் கத்தியை மஞ்சளில் நிறுத்தலாம். வெட்டுகத்தியைத் தவிட்டு நிறம் ஊதாவாகத் திரும்பும்வரை விடுங்கள், உடனே ஆற்றுங்கள். வாய் நீலமாகிவிட்டதா, மறுபடி முதலிலிருந்துதான். வாங்குகிறவர் அவசரப்படுத்துகிறார் என்று இதைத் தாண்டாதீர்கள், அந்தக் கத்தியைப் பிடித்து வெட்டப்போவது அவர்.

வெளிச்சமான பட்டறை

ரோட்டைப் பார்த்து, கூரையில் வெளிச்சம் வரும் ஷீட் போட்டு அழகாகக் கட்டுகிறார்கள். வெயிலில் இரும்பின் சிவப்பு மங்கலாகத் தெரிவதால் இன்னும் காயட்டும் என்று விட்டு, இரும்பையே கெடுத்துவிடுகிறார்கள். உலை நிழலில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள்: 770 டிகிரியை ஒட்டிக் காந்தம் பிடிக்காது, அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் முக்கலாம்.

கட்டடக் கம்பியில் கத்தி

கார்பன் குறைவு, வாய் நிற்காது.

ஜி.ஐ. பைப்பை உலையில் வைப்பது

அதன் மேல்பூச்சிலிருந்து துத்தநாகப் புகை வரும். காய்ச்சலில் படுக்கப்போடும்.

புதுக் கத்தி மட்டும் செய்வேன் என்பது

பட்டறையை ஓட்டுவது பழுது வேலை. வாய் தேய்ந்த மண்வெட்டியைக் காய்ச்சி நீட்டுவது, அரிவாளுக்குத் துவைச்சல் போடுவது என்று கும்பப்பூ நெல் நடவுக்கு முன்னால் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 3 லட்சம் வரை கடனுக்கு வழி இருக்கிறது, சரி, அதற்காக முதலிலேயே பவர் ஹேமர் வாங்க வேண்டாம். முதல் வருடத்துக்கு உலை, ஊதுவதற்கு ஒரு புளோயர், இரும்பை வைத்து அடிக்கப் பட்டடைக்கல், ஒரு கிலோ சுத்தியல், இரண்டு குறடு, நல்ல அரம், சிரட்டைக் கரி போதும்.