பக்ரீத் ஆட்டுத்தோல் வீணாவது எங்கே?

போன பக்ரீத் அன்று மதியம் ஒரு குட்டி யானை வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. பின்னால் ஆட்டுத்தோல் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது, மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சேகரித்த பையன்கள், முகமெல்லாம் வியர்வை. "எப்பத் தம்பி உப்புப் போடப் போறீங்க?" என்று கேட்டேன். "எல்லாம் சேர்ந்ததும் ராத்திரி ஒரேயடியா மண்டிக்கு அனுப்பிடுவோம் மாமா" என்றான் ஒருவன். தார்ப்பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். சூடு. உப்புப் போடாமல் சூட்டோடு குவித்து வைத்தால் தோல் கெட்டுவிடும். 19 வயதில் இதே தவறைச் செய்தவன் நான்தான்.

திண்டுக்கல்லில் அத்தா பச்சைத்தோல் வாங்கி விற்றவர். அவரிடம் கற்றுக்கொண்டு, நானும் முப்பது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருக்கிறேன். கத்தி மொட்டையாக இருக்கக் கூடாது, தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். தெரியாமல் நடக்கிற சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கத்தியாலேயே உரிப்பது

கறிக்கடைக்காரர் உரிப்பதை நின்று கவனித்துப் பாருங்கள். கழுத்திலிருந்து வாலடி வரை வயிற்றின் நடுவே ஒரு கோடு, நாலு காலின் உள்பக்கமும் ஒவ்வொரு கோடு. கத்திக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. அந்தக் கோட்டையும் கத்தி வாயை மேல்பார்க்கப் பிடித்து, உள்ளிருந்து வெளியே போடுவார். அப்போதுதான் முடி அறுபட்டுக் கறியில் ஒட்டாது. பிறகு ஆட்டைத் தொங்கவிட்டு, இடது கையால் தோலை இழுத்துக்கொண்டே வலது கை முஷ்டியைச் சவ்வுக்கும் தோலுக்கும் நடுவே கொடுத்து இடித்து இறக்குவார். இறங்காத இடத்தில், அதாவது கழுத்து, முழங்கை, வால் பக்கம் மட்டும், கத்தி நுனியை வைப்பார்.

புதிதாக உரிப்பவர்களோ முதுகு வரை கத்தியோடுதான் போகிறார்கள். ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், அதைக்கூட மன்னிக்கலாம். பாதி ஆழத்துக்கு இறங்கி நிற்கும் கீறல்தான் மோசம். பச்சைத்தோலில் அது சரியாகத் தெரியாது, தொழிற்சாலையில் பதனிட்டுச் சீவும்போது அந்த இடம் பிளந்துகொள்ளும். நாலைந்து சதுர அடி வரும் ஒரு ஆட்டுத்தோலில் முதுகும் பின்பக்கமும்தான் விலையுள்ள இடம், கீறல் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்தக் காலத்தில் கொல்லன் பட்டறைத் துருத்திக்கு ஆட்டுத்தோலை வயிற்றில் கீறாமல் முழுசாக உருவி எடுப்பார்களாம், ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் காற்று நிற்காது என்று அத்தா சொல்வார். முஷ்டியால் இடிக்கும் பழக்கம் கைக்கு வந்தவர்களால்தான் அப்படி உருவ முடியும்.

வாயால் ஊதி உரிப்பது

வேண்டாம். காற்று ஏற்றித்தான் பழக்கம் என்றால் சுத்தமான சைக்கிள் பம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டோடு குவித்து வைப்பது

இதற்குத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

1993 ஜூன் தொடக்கத்தில் வந்த பக்ரீத். ஒரு மதரஸாவுக்காகத் தோல் சேகரிக்கும் பொறுப்பை அத்தா முதல் முறையாக என்னிடம் விட்டிருந்தார். எழுபது தோலுக்கு மேல் சேர்ந்தது. நான் ஒவ்வொன்றையும் முடி வெளியே, சவ்வு உள்ளே என்று நாலாக மடித்து, யூரியா சாக்குகளில் திணித்து, வாயைக் கட்டி, வரிசையாக வேனில் அடுக்கினேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. வேன் வெயிலில் நின்றது. நாங்கள் சாப்பிட்டு, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டு, காலையில் உப்புப் போட்டுக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டோம்.

காலையில் அத்தா முதல் சாக்கைப் பிரித்தார். அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. ஒரு தோலை விரித்து, வயிற்றுப் பக்கம் இரண்டு விரலால் முடியைப் பிடித்து லேசாக இழுத்தார். கொத்தாகக் கையோடு வந்தது. திட்டவில்லை. அந்த முடியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த சாக்கைப் பிரிக்கப் போனார். அது பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் கிதாபுக்கும் போக வேண்டிய பணம். இன்றைக்கும் அந்த உள்ளங்கை எனக்கு நினைவிருக்கிறது.

என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தவறைச் செய்ய மனசு வராது. ஆட்டின் உடம்புச் சூடு கிட்டத்தட்ட 39 டிகிரி. உரித்த தோல் அந்தச் சூட்டோடுதான் கைக்கு வருகிறது, வெளியே முடி கம்பளி மாதிரி மூடியிருக்கிறது, உள்ளே ரத்தமும் ஈரமும் சவ்வும். மடித்துக் குவித்தால் சூடு போக வழியே கிடையாது. அந்தச் சூட்டில் பாக்டீரியா அரை மணிக்கு ஒரு தடவை, அதற்கும் வேகமாகக்கூட, இரட்டிப்பாகும். முதலில் முடிக்காலைத் தின்னும், அதனால்தான் முடி கழல்கிறது. அடுத்தது தோலின் மேல்பரப்பு. செருப்புக்கும் கையுறைக்கும் அழகு கொடுப்பது அந்த மேல்பரப்புதான். இதில் இன்னொரு கொடுமை, லேசாகக் கெட்ட தோல் மண்டியில் நல்ல தோல் மாதிரியே இருக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி முடி போன பிறகுதான் ஊசி குத்தினாற்போலப் புள்ளியும், உரிந்த திட்டும் வெளியே வரும். அதற்குப் பிறகு எந்த மருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அன்று தப்பித்தது என்று நினைத்து நாங்கள் உப்புப் போட்டு அனுப்பிய தோல்களும் பத்து நாள் கழித்துக் கழிவு என்று திரும்பி வந்தன.

என்ன செய்ய வேண்டும் என்றால், உரித்ததும் நிழலில், கழுவிய தரையில், சவ்வுப் பக்கம் மேலே பார்க்க ஒவ்வொன்றாக விரித்துவிடுங்கள். ரத்தம் இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி வடியவிடுங்கள். ஒட்டியிருக்கும் கறியையும் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள், அதற்கு அடியில் உப்பு இறங்காது. சூடு ஆறியதும் உப்பு. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இது முடிந்துவிட வேண்டும், அதனால் எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. வண்டி ஒவ்வொரு நடை வந்து இறக்கும்போதும் உப்பு மூட்டையோடு நாலு பேர் அங்கே தயாராக நிற்க வேண்டும்.

உப்பின் அளவு தோல் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு. இரண்டு கிலோ தோலுக்கு எண்ணூறு கிராம். கல்லுப்பை ஒன்றிரண்டாக உடைத்தது போதும், மாவு மாதிரிப் பொடி உப்பு கட்டி தட்டும், பெரிய கல் இடைவெளி விடும். நடுவில் தூவிவிட்டு விளிம்பை விட்டுவிடுகிறார்கள். கழுத்து மடிப்பு, கால் துண்டு, அக்குள் என்று சுருண்டு கிடக்கும் இடத்தையெல்லாம் நீவி விரித்துத் தேய்க்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம், உப்புப் போட்ட பிறகு. உப்பு நீர் வடிய அடித்தளம் சற்றுச் சரிவாக இருக்கட்டும்.

இதைச் சொன்னால் சிலர், "இப்பத் தோலுக்கு விலையே இல்லையே பாய், எதுக்கு இவ்வளவு பாடு?" என்கிறார்கள். விலை விழுந்தது உண்மைதான். ஆனால் பக்ரீத் தோல் என்றாலே பாதி கெட்டிருக்கும் என்று வாங்குபவர் முன்கூட்டியே குறைத்துக் கேட்கிறார், அவரை அப்படிக் கேட்க வைத்தது நாம்தான். அறுத்த ஆட்டின் தோலை, ஏழைக்குப் போக வேண்டிய ஒரு பொருளை, சோம்பலால் அழுகவிடுவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மொட்டை மாடியில் காயப்போடுவது

சுடு சிமெண்டில் மேல்பக்கம் பொருக்காகி உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் இளகாது.

பழைய உப்பு

போன தடவை உதறியதை எடுக்காதீர்கள். செந்திட்டு விழும்.

மூட்டை மூட்டையாகக் கொட்டுவது

பயத்தில் அளவுக்கு மீறிக் கொட்டுகிறவர்களும் உண்டு. அந்த உப்பு தொழிற்சாலையில் ஊறல் தண்ணீரோடு வெளியேறி நிலத்தில் இறங்குகிறது. பாலாற்றுப் பக்கம் கிணறுகள் கெட்டது 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது, திண்டுக்கல் கிணற்றுத் தண்ணீரும் தப்பவில்லை. சொன்ன அளவு போதும்.

தோலையே கூலியாகக் கொடுப்பது

கூடாது. அலி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி, இதைத் தெளிவாகத் தடுக்கிறது. உரித்தவருக்குக் கூலியை உங்கள் கையிலிருந்து கொடுங்கள்.

அன்று அந்தக் குட்டி யானையை நகரவிடவில்லை. தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லி, தெருவில் வேப்ப மர நிழல் இருந்த வரைக்கும் தோலை விரித்தோம். மூன்று மூட்டை உப்பு என் வீட்டில் இருந்தது, இன்னும் நாலு மூட்டை வாங்கி வந்தோம். அடியில் கிடந்த பதினொரு தோலில் முடி கழன்றது, அதைத் தனியாக வைத்தோம். மிச்சத்தை மாலை மஃரிப் தொழுகைக்குள் முடித்துவிட்டோம். அடுத்த பக்ரீதுக்கு அந்தப் பையன்கள் உப்பை முன்கூட்டியே வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், சரிவுத் தரைக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு.