இருக்கை உயரத்தை மாற்றினால் வாட் அளவை மாற்றாதீர்கள்

சைக்கிள் இருக்கையை உயர்த்தியோ தாழ்த்தியோ பார்க்கும்போது வேகத்தை நம்பாதீர்கள். மிதிக்கும் திறனை வாட் கணக்கில் காட்டும் கருவியான பவர் மீட்டரில் ஒரே வாட் அளவை, 150 என்று வைத்துக்கொள்வோம், அதே கியரில் 10 நிமிடம் பிடித்து ஓட்டி இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய உயரம், புதிய உயரம், மறுபடியும் பழைய உயரம் என்று மூன்று சுற்று. எந்த உயரத்தில் துடிப்பு குறைவோ, அதில் உடலுக்குச் சிரமம் குறைவு. சிங்கப்பூரின் சாங்கி கடலோரச் சாலையில் எதிர்க்காற்று வேகத்தைத் தின்றுவிடும். வாட் கணக்கைக் காற்று கெடுக்காது. மூன்றாவது சுற்றைத் தவிர்க்கவே கூடாது: நம் ஊர்ப் புழுக்கத்தில் அதே வாட்டுக்கே துடிப்பு மெல்ல ஏறும், அந்தப் பழி புதிய உயரத்தின்மேல் விழுந்துவிடும். ஓரிரு துடிப்பு வித்தியாசம் கணக்கில் இல்லை.

குனிந்து ஓட்டுவதற்காகக் கைப்பிடியைத் தாழ்த்தியிருந்தால் இந்த முறை போதாது. அதன் பலன் காற்றுத்தடை குறைவதில்தான் இருக்கிறது. முழங்கால் வலித்தால் எண்களைப் பார்க்காமல் பழைய உயரத்துக்கே திரும்பிவிடுங்கள்.